காவல் நிலையத்தில் காணாமல் போகும் சொல்

டீக்கடை முன்பு ஒரு தகராறு. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள், பிறகு அடிக்கிறார்கள். அடிபட்டவர் மறுநாள் காலை உறவினர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையம் போகிறார். நடந்ததை நடந்தபடியே சொல்கிறார். அங்கே இருப்பவர் எழுதிக்கொள்கிறார். கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போடுகிறார். ஒரு சி.எஸ்.ஆர். ரசீதோடு ஊர் திரும்புகிறார்.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது? ‘ஆபாசமாகப் பேசி, கையால் தாக்கி’ என்று இருக்கிறது. எந்தச் சொல்லைச் சொல்லித் திட்டினார்கள், எந்த இடத்தில் நின்று திட்டினார்கள், அப்போது சுற்றி யார் யார் நின்றார்கள் என்பது இல்லை.

இந்த ஒரு சொல் விடுபட்டதால் என்ன ஆகும் என்று பார்ப்போம். பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவில் அதிகபட்சம் மூன்று மாதச் சிறை. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரைப் பொதுப் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. முதல் பிரிவில் வழக்கு போனால் தீருதவித் தொகை இல்லை, டி.எஸ்.பி. விசாரணை இல்லை, சிறப்பு நீதிமன்றம் இல்லை. நம் ஊர்களில் பல வழக்குகள் நீதிபதி முன் போய்த் தோற்பதில்லை. முதல் நாள், முதல் தாளிலேயே தோற்றுவிடுகின்றன.

பட்டம் முடித்த நம் பிள்ளைகள் அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்கும்போதெல்லாம், பலருக்குத் தெரியாத ஒரு படிப்பை நாம் சொல்லி வருகிறோம். குற்றவியலும் குற்ற நீதியும் என்ற படிப்பு அது. அதை ஏன் சொல்கிறோம் என்பதற்கான காரணம் மேலே சொன்ன தாளில்தான் இருக்கிறது.

என்ன படிப்பு இது?

கிரிமினாலஜி என்பதைத் தமிழில் குற்றவியல் என்கிறோம். கிரிமினல் சட்டத்தையும் குற்றவியல் சட்டம் என்றே சொல்வதால் இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றல்ல. எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்று சொல்வது சட்டம். குற்றம் ஏன் நடக்கிறது, யார் மீது நடக்கிறது, காவல்துறையும் நீதிமன்றமும் சிறையும் அதை எப்படிக் கையாளுகின்றன, பாதிக்கப்பட்டவருக்குப் பிறகு என்ன ஆகிறது என்று ஆராய்வது குற்றவியல். சமூகவியல், உளவியல், சட்டம், தடய அறிவியல், புள்ளியியல் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் இதற்கு முக்கியமான இடங்கள் இரண்டு. ஒன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை. மற்றொன்று திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் குற்றவியல், குற்ற நீதித் துறை. பாதிக்கப்பட்டோரியல் என்று ஒரு பிரிவு இந்தப் படிப்பில் உண்டு. குற்றவாளியைப் பற்றி மட்டும் பேசாமல், குற்றத்துக்கு ஆளானவர் பக்கம் நின்று பார்ப்பது அது. இந்தியாவில் அந்தப் பிரிவு வேர்பிடித்ததில் தமிழ்நாட்டுப் பேராசிரியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதைப் படித்தால் நேராக எஸ்.ஐ. ஆகிவிடலாமா என்றால், முடியாது. அதற்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எல்லோரையும்போல எழுத வேண்டும். வழக்கறிஞர் ஆகவும் முடியாது, அதற்குச் சட்டப் படிப்பு வேண்டும். அப்படியானால் இதனால் என்ன பயன்? மூன்று வழக்குகளைப் பார்த்தால் விளங்கும்.

தாள் எழுதியவர்களும் குற்றவாளிகள்

முதல் வழக்கு விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டை. பொறியியல் படித்த தலித் இளைஞர் முருகேசனும், வன்னியர் சமூகத்தைச் சேர்ந்த கண்ணகியும் 2003இல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அந்த ஆண்டு ஜூலை 8 அன்று இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். உள்ளூர்க் காவல் நிலையம் உடனே வழக்குப் பதியவில்லை. பதிந்தபோது, பெண்ணை அவள் வீட்டாரும் பையனை அவன் வீட்டாரும் கொன்றதாகக் கதை மாறியிருந்தது. மகனை இழந்த குடும்பமே குற்றவாளிப் பட்டியலில் வந்தது.

வழக்கு சி.பி.ஐ.க்கு மாறியது. கடலூர் சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 2021 செப்டம்பர் 24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதினெட்டு ஆண்டுகள். அன்று தண்டிக்கப்பட்ட 13 பேரில் இருவர் அப்போது அந்தக் காவல் நிலையத்தில் பணியாற்றிய அதிகாரிகள். 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. பொய்யாக ஒரு தாள் எழுதுவதும் குற்றம்தான் என்பது இந்த வழக்கில் நிலைநின்றது. ஆனால் அதற்கு ஒரு தலைமுறையே காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது வழக்கு கோகுல்ராஜ். 2015 ஜூனில் அந்தத் தலித் பொறியியல் மாணவரின் உடல் நாமக்கல் மாவட்டத்தில் தண்டவாளத்தில் கிடந்தது. தற்கொலை என்று முடித்துவிட எல்லா வாய்ப்பும் இருந்தது. முக்கியமான சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். ஆனாலும் வழக்கு விழவில்லை. திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலின் கண்காணிப்பு கேமரா பதிவு நின்றது. கோகுல்ராஜின் தாய் சித்ரா நின்றார். வழக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2023 ஜூனில் யுவராஜ் உள்ளிட்டோரின் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

மனிதர் மிரட்டலுக்குப் பயந்து பேச்சை மாற்றலாம். பதிவு மாறாது. ஆனால் அந்தப் பதிவை யார் எடுத்தார், எப்போது எடுத்தார், கை மாறாமல் எப்படி நீதிமன்றம் வந்து சேர்ந்தது என்பதற்கெல்லாம் முறை இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. அது ஒன்று தவறினாலும் பதிவு வெறும் படமாகிவிடும். இந்த முறைகளைத்தான் குற்றவியல் வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்.

மூன்றாவது நம் மாவட்டத்து வழக்கு. 2019இல் முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் 12 வயது மகள் பாலியல் கொடுமைக்குப் பிறகு மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்டார். சிறுமியின் பெயரையும் ஊரையும் நாம் எழுதவில்லை. சட்டமும் அதை அனுமதிப்பதில்லை, நாகரிகமும் அனுமதிப்பதில்லை. 2020 செப்டம்பரில் திண்டுக்கல் மகளிர் நீதிமன்றம், குற்றம் போதிய சான்றுகளோடு நிரூபிக்கப்படவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டவரை விடுதலை செய்தது. அக்டோபர் 9 அன்று தமிழ்நாடு முழுவதும் முடிதிருத்தும் கடைகள் மூடப்பட்டன. மேல்முறையீடு செய்வதாக அரசு அறிவித்தது.

குற்றத்தைச் செய்தது யார் என்று தீர்ப்பளிப்பது நம் வேலையல்ல. ஆனால் ஒன்று கேட்கலாம். தடயம் எடுக்க வேண்டிய நாளில், எடுக்க வேண்டிய விதத்தில் எடுத்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நீதிமன்றத்தில் வைத்திருந்தால், அந்தச் சிறுமியின் பெற்றோர் தங்கள் பிள்ளையைக் கொன்றது யார் என்ற விடையாவது பெற்றிருக்க மாட்டார்களா?

சட்டம் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதன் விதிகள் 1995இல் வந்தன. 2015இல் திருத்தி வலுவாக்கப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் அந்தத் திருத்தம் நடைமுறையில் இருக்கிறது. அதில் இருப்பதை ஒவ்வொரு சேரியிலும் ஒருவராவது மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதியபின், கையெழுத்து வாங்குவதற்கு முன் அதைப் புகார்தாரருக்குப் படித்துக் காட்ட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை உடனே கொடுக்க வேண்டும். 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். இவை பிரிவு 4இல் காவல் அதிகாரியின் கடமைகளாக எழுதப்பட்டிருக்கின்றன. பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத ஓர் அரசு ஊழியர் இவற்றை வேண்டுமென்றே புறக்கணித்தால் அவருக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. விசாரிப்பவர் டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்கிறது விதி 7. எதிரி ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தர வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்கிறது பிரிவு 15ஏ. வழக்குப் பதிய முன் விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்த்த பிரிவு 18ஏ சொல்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் சி.எஸ்.ஆர். ரசீதோடு வீடு திரும்புகிறோம். மறுநாள் எதிர்த்தரப்பு கொடுத்த புகாரில் நம் பையன்கள் மீதும் வழக்குப் பதிவாகிறது. ‘ரெண்டு பக்கமும் கேஸ் இருக்கு, பேசி முடிச்சுக்குங்க’ என்கிறார்கள். அப்போது ‘ஐயா, எழுதியதைப் படித்துக் காட்டுங்கள், நாங்கள் சொன்ன சொல் இதில் இல்லை’ என்று கேட்க ஒருவர் வேண்டும். அதைத் தயக்கமில்லாமல், சட்டப் பிரிவைச் சொல்லிக் கேட்கத் தெரிந்த ஒருவர்.

நம்மை எழுதிய படிப்பு

இந்தப் படிப்பைப் பற்றிச் சொல்லும்போது அதன் பழைய பாவத்தையும் சொல்ல வேண்டும். பிறப்பிலேயே சிலர் குற்றவாளிகள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சில அறிஞர்கள் பேசினார்கள். இங்கே வெள்ளையர் ஆட்சி சாதி சாதியாகவே குற்றவாளிகள் என்று எழுதியது. 1871இல் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்களும் பிரமலைக் கள்ளர்களும் ரேகை வைத்தார்கள், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுத்தார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. நம் மாவட்டத்திலும் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அந்த வரலாற்றின் மிச்சம். சட்டம் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிறது. ஆனாலும் எங்காவது திருட்டு நடந்தால் முதலில் குறவர் குடிசையைத் தேடிப் போகும் பழக்கம் முழுக்கப் போய்விடவில்லை.

சிறைக்குள்ளும் இதே கதைதான். குற்றவியல் துறை இருக்கும் அதே நெல்லையில்தான் பாளையங்கோட்டை மத்திய சிறை இருக்கிறது. அங்கே கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்தது நீதிமன்றம் வரை போனது. மோதலைத் தடுக்கத்தான் இப்படி என்ற வாதத்தை உயர் நீதிமன்றம் அன்று ஏற்றுக்கொண்டது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடர்ந்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சிறையில் சாதி பார்த்து வேலை தருவதும் பிரித்து அடைப்பதும் அரசமைப்புக்கு விரோதம் என்றது. கைதிகள் பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தியையே நீக்கச் சொன்னது.

பாளையங்கோட்டையில் சாதி பார்த்து அடைப்பது ஊரறிந்த செய்தியாகத்தான் இருந்தது. ஆனால் அதை ஆய்ந்து, ஆதாரத்தோடு எழுதி, நாடு முழுவதும் இருக்கும் ஒரு நோய் என்று நிறுவ ஒரு பத்திரிகையாளர் மும்பையிலிருந்து எழுத வேண்டியிருந்தது. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி சிறையில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். சிறைக்கு வெளியே, அதே ஆண்டில் பட்டியல் சாதியினர் மீதான குற்றங்களாக நாடு முழுவதும் 57,582 வழக்குகள் பதிவாயின. நம்மைப் பற்றிய இந்த எண்களை எடுப்பவர், எழுதுபவர், விளக்குபவர் வரிசையில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? எழுதப்படும் இடத்திலேயே இருந்துவிட்டோம். எழுதும் இடத்துக்கும் போக வேண்டும்.

திண்டுக்கல் காட்டிய வழி

குற்றத்தைத் தடுப்பது பற்றிய ஒரு பாடம் நம் மண்ணிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2021 ஜனவரியில் நம் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் போராடியது. 2022 ஏப்ரலில் சங்கமும் ஆலை நிர்வாகமும், வெளிநாட்டு ஆடை நிறுவனமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. உலகம் அதைத் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்றே சொல்கிறது.

அதன்படி, தொழிலாளர்களே பயிற்சி பெற்று வேலைத் தளத்தில் கண்காணிப்பாளர்களாக இருந்தார்கள். கெட்ட பேச்சு, தொடுதல், சாதி சொல்லி இழிவுபடுத்துதல் எதுவானாலும் தொடக்கத்திலேயே புகாரானது. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்றிருந்தது. கொலை ஒரே நாளில் நடப்பதில்லை, அதற்கு முன் பல சின்ன அத்துமீறல்கள் கேட்பாரற்றுப் போயிருக்கும் என்ற குற்றவியல் பாடம்தான் இது. அந்தப் பாடத்தை நம் மாவட்டத்து மில் பெண்கள் வகுப்புக்குப் போகாமலே நடைமுறைப்படுத்திக் காட்டினார்கள். அவர்கள் பிள்ளைகள் அதைப் பல்கலைக்கழகத்தில் போய்ப் பேச வேண்டாமா?

படிக்க விரும்புவோருக்கு

முதுகலைக்கு எந்தப் பட்டம் தகுதி, எப்போது விண்ணப்பம் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். சேர்க்கையில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு, அதில் 3 விழுக்காடு அருந்ததியருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் சேர்க்கைக்கு முன்பே தயாராக வைத்திருங்கள். தாலுகா அலுவலகத்துக்குக் கடைசி நாளில் ஓடாதீர்கள்.

படித்தபின் வழிகள் பல. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, நன்னடத்தை அலுவலர், கூர்நோக்கு இல்லம், சிறைத் துறை, பாதிக்கப்பட்டோருக்கு உதவும் அமைப்புகள், ஆய்வு, ஆசிரியப் பணி. காவல்துறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கும் இந்தப் பாடம் கை கொடுக்கும். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய வல்லுநர் நேரில் வர வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சொல்கிறது. இதைப் படிப்படியாக எல்லா மாநிலங்களும் செய்தாக வேண்டும். தடய அறிவியல் தெரிந்தவர்களுக்கு வேலை கூடும். இதோடு சட்டப் படிப்பும் சேர்ந்தால், அரசு வழக்கறிஞர் இருக்கை வரை போகலாம். ஆனால் பட்டம் வாங்கிய மறுநாளே வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேர்வுகள் எழுத வேண்டும், காத்திருக்க வேண்டும்.

பாட நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். முதல் செமஸ்டர் கடினமாகத்தான் தெரியும். அதற்காகப் பயந்து திரும்பாதீர்கள். புகார் தமிழில்தான் எழுதப்படுகிறது, வாக்குமூலம் தமிழில்தான் வாங்கப்படுகிறது. அந்தத் தமிழில் எங்கே சொல் மாறுகிறது, எங்கே சாதி மறைகிறது என்று கண்டுபிடிக்க உங்களைவிடத் தகுதியானவர் யார்? அதையே உங்கள் ஆய்வுத் தலைப்பாக எடுக்கலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கோகுல்ராஜ் வழக்கை விசாரித்த டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா, படித்துத் தேர்வெழுதி மேலே வந்த தலித் பெண். 2015 செப்டம்பர் 18 அன்று திருச்செங்கோட்டில் தன் குடியிருப்பில் இறந்து கிடந்தார். நம்மில் ஒருவர் உள்ளே போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அவரை நினைத்துக்கொள்ள வேண்டும். தனியாக ஒருவரை அனுப்பிவிட்டு நாம் வீட்டில் இருக்க முடியாது. பலர் போக வேண்டும். போனவர்களுக்குப் பின்னால் ஊர் நிற்க வேண்டும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். ஒன்றியத்துக்கு இரண்டு பேர் இந்தப் படிப்பை முடித்து ஊர் திரும்பினால் போதும். அடுத்த முறை அடிபட்டவர் காவல் நிலையம் போகும்போது அவர்களில் ஒருவர் உடன் போவார். கையெழுத்துக்கு முன், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்வார். விட்டுப்போன அந்தச் சொல்லைச் சேர்த்து எழுதச் சொல்வார்.